எம்சிபி-யை மட்டும் மாற்றினால் போதுமா?

வயரிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

சமையலறை பிளக் எல்லாமே ஒரே 16 ஆம்பியர் எம்சிபி-யில் (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாகவே அணைந்துவிடும் ஸ்விட்ச்) இருக்கின்றன. 2100 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு, 2000 வாட் கெட்டில், 1500 வாட் ஓவன் மூன்றும் சேர்ந்து ஓடினால் கொஞ்ச நேரத்தில் டிரிப் ஆகிவிடுகிறது. மொத்த வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 24 ஆம்பியருக்கு மேல் வருகிறது. அப்புறம் டிரிப் ஆகாமல் என்ன செய்யும்!

வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "32 ஆம்பியர் போட்டுவிடலாம், தொல்லை விட்டது" என்கிறார். எனக்கு அதுதான் இடிக்கிறது. எம்சிபி காப்பது வயரைத்தானே, அடுப்பை இல்லையே? ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தால் வயர் மேல் 2.5 சதுர மி.மீ. என்று அச்சிட்டிருக்கிறது. சாக்கெட்டிலும் 16 ஆம்பியர்தான். 32 போட்டால் எம்சிபி சும்மா இருக்கும், சுவருக்குள் வயர் சூடாகும் என்று நினைக்கிறேன். சரிதானா?

ஒரே பைப்பில் ஐந்தாறு வயர் நெருக்கமாகப் போகிறது. அதனால் வயரின் தாங்கும் திறனை எவ்வளவு குறைத்துக் கணக்கிட வேண்டும்? அடுப்புக்குத் தனி லைன் இழுப்பதானால் 2.5 போதுமா, 4 சதுர மி.மீ. போடலாமா?

கூடவே ஒரு சின்னச் சந்தேகம்: 2 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு, அதே வோல்ட்டில் 3 ஆம்பியர் அடாப்டர் போடலாம்தானே? தேவையானதை மட்டும்தான் அது இழுக்கும் என்பது என் புரிதல்.