இரண்டாவது மேல்முறையீடு: கடைசி நாள் ஜூன் 30-ஆ, ஜூலை 7-ஆ?

வணக்கமுங்க. இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவுல போற வண்டித் தடம்) வழக்கு. நிலம் கரூர் மாவட்டம், நாங்க இருக்கறது கொடுமுடிப் பக்கம். முன்சீப் கோர்ட்டுல தள்ளுபடி. சப் கோர்ட்டும் மார்ச் 4 அன்னிக்கு அதையே உறுதி செஞ்சிருச்சு. அடுத்து ஹைகோர்ட்டுல இரண்டாவது மேல்முறையீடு, ஊர்ல எல்லாரும் சென்னைக்குப் போகச் சொல்றாங்க. ஆனா பார்க்க வேண்டியது நம்ம வீட்டை இல்லைங்க, தீர்ப்புச் சொன்ன கோர்ட் எந்த மாவட்டம்னுதான். கரூர்னா ஹைகோர்ட்டோட மதுரைக் கிளை. அதுல குழப்பம் இல்லை.

சட்டக் கேள்வியும் கையில இருக்கு: கோர்ட் அனுப்புன கமிஷனர் இடத்தைப் பார்த்துக் குடுத்த அறிக்கையையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) ரெண்டு கோர்ட்டும் தொடவே இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100-ஆம் பிரிவுக்கு அது போதும்னு வக்கீல் சொல்றார்.

சிக்கல் கெடு நாள்ல. மேல்முறையீட்டுக்கு உள்ள 90 நாள் ஜூன் 2-ல முடியுது. அதுல தீர்ப்பு நகல் வாங்குன காலத்தைக் கழிக்கணும். நகலுக்குப் பின்னாடி இருக்கற முத்திரையில உள்ள தேதிகள்:

மனு – மார்ச் 12
நகலுக்கு ஸ்டாம்ப் கேட்டது – மார்ச் 24
கட்டுனது – ஏப்ரல் 1
நகல் தயார் – ஏப்ரல் 15

மொத்தமாக் கழிச்சா 35 நாள், ஜூலை 7 வரை வருது. ஸ்டாம்ப் கட்டத் தாமதமான 7 நாள் நம்ம கணக்குன்னா ஜூன் 30-தான். ஸ்டாம்ப் கேட்டதைக் கோர்ட் நோட்டீஸ் பலகையில பார்க்காம விட்டதால வந்த வினை. இ-கோர்ட்ஸ் இணையதளத்துல தீர்ப்புத் தேதி மட்டும்தான் இருக்கு. மூணு வக்கீலைக் கேட்டாச்சு, மூணு பதில்.

ஜூலை முதல் வாரம் தாக்கல் செஞ்சா, அந்த 7 நாளுக்குத் தாமத மன்னிப்பு மனு கூடவே போடணுமாங்க?