எல்.டி.எல். நார்மல், மாத்திரை வேண்டுமா? குடும்பக் குழுவில்

சித்தப்பா: எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 162 இருந்தது 88க்கு இறங்கிவிட்டது. நார்மல்தானே, அதனால் கொழுப்பு மாத்திரை அடார்வாஸ்டாடினைப் போன மாதமே நிறுத்திவிட்டேன். சுகர், பி.பி. மாத்திரை மட்டும் ஓடுகிறது.

செல்வி: ஐயோ சித்தப்பா, அது மாத்திரை போட்டதால் வந்த 88! கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும், மாத்திரை அதைக் குறைக்கிறது, ரத்தத்தில் சுற்றுவதையும் கல்லீரலே கூடுதலாக இழுத்துக்கொள்ளும். நிறுத்தினால் சில வாரத்தில் பழையபடி ஏறிவிடும்.

சித்தப்பா: எனக்கு நெஞ்சுவலியே வந்ததில்லையேம்மா. வராத நோய்க்கு எதற்கு மருந்து?

செல்வி: வராமல் இருக்கத்தான். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை, சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 2016இல் லான்செட் இதழில் வந்த கணக்கு இது: அட்டாக் வராத, ஆனால் வர வாய்ப்பு அதிகமுள்ள 100 பேர் எல்.டி.எல்லைச் சுமார் 77 குறைத்து 5 வருஷம் விடாமல் போட்டால், 5 பேருக்கு அட்டாக், பக்கவாதம் மாதிரிப் பெரிய பிரச்சினை வராமல் போகும். ஏற்கெனவே வந்தவர்கள் என்றால் 10 பேருக்கு. மற்றவர்களுக்கு அந்த 5 வருஷத்தில் வித்தியாசம் தெரியாதுதான், மறைக்கவில்லை. ஆனால் அந்த 5 பேர் யாரென்று முன்னாடியே சொல்ல முடியாதே. தொடர்ந்து போடப் போடப் பலன் கூடும்.

கார்த்தி: கால் வலி வரும் என்று ஃபார்வர்டு சுற்றுகிறதே?

சித்தப்பா: எனக்கும் கெண்டைக்கால் வலித்தது.

செல்வி: சிலருக்கு நிஜமாகவே வரும். ஆனால் 2020இல் வந்த சாம்சன் ஆய்வில், பக்கவிளைவு என்று ஸ்டாடினை (உங்கள் மாத்திரையும் இந்த வகைதான்) விட்ட 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாடின், சில மாதம் டம்மி மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாடினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் டம்மியிலும் வந்தது. உங்கள் வலி பொய் என்று சொல்லவில்லை, டாக்டரிடம் சொன்னால் டோஸைக் குறைப்பார், இல்லை வேறு ஸ்டாடின் தருவார். உடம்பெல்லாம் கடுமையாக வலித்து, சிறுநீரும் கறுத்துப் போனால் மட்டும் நிறுத்திவிட்டு உடனே ஓட வேண்டும்.

பெரியம்மா: பூண்டு போதாதா?

செல்வி: ரசத்துக்குப் போதும் 😄

சித்தப்பா: மாடி வீட்டு வாத்தியார் ஆஸ்பிரினும் போடச் சொன்னாரே?

செல்வி: அவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, வேண்டும். நீங்களாகப் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

சித்தப்பா: சரிம்மா, திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன்.

பெரியம்மா: வரும்போது எனக்கும் அந்தக் கொழுப்பு மாத்திரையில் ஒரு அட்டை வாங்கி வாங்க தம்பி.

செல்வி: பெரியம்மா!! முதலில் உங்கள் ரிப்போர்ட்டை அனுப்புங்கள்.