சாஃப்ட்னர் இருந்தும் மெஷினில் சுண்ணாம்பு படிகிறது, என்ன செய்யலாம்?

கோவை கடைக்காரர்:
கோவையில் சின்னதாகக் காபிக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு குரூப் எஸ்பிரெசோ மெஷின். சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் கவலையில்லை. கோடையில் அது போதாமல் தொட்டியில் போர் தண்ணீரும் சேர்ந்துவிடுகிறது. தூசு பிடிக்க 5 மைக்ரான் ஸ்பன் ஃபில்டர், குளோரினை எடுக்கக் கார்பன் ஃபில்டர், அப்புறம் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் என்று வரிசையாக மாட்டியிருக்கிறேன். சாஃப்ட்னரைப் புதுப்பிக்க மாதம் ஒருமுறை அதில் உப்பு போடுகிறேன். அப்படியும் காபித்தூள்மேல் வெந்நீர் இறங்கும் ஷவர் ஸ்கிரீன் ஓட்டைகள் வெள்ளையாக அடைகின்றன, ஸ்டீமும் குறைகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் சாஃப்ட்னருக்கு முன் 620, பின் 615. ஏமாந்துவிட்டேனா?

பதில் 1:
ஆர்.ஓ. (மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாக உப்பை வடிகட்டும் ஃபில்டர்) போட்டுவிடுங்கள் சார். நான் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. டிடிஎஸ் 15தான். படிவே கிடையாது.

பதில் 2 (மெஷின் சர்வீஸ் பார்ப்பவன்):
அண்ணா, மீட்டரை வைத்து சாஃப்ட்னரைச் சந்தேகப்படாதீர்கள். சாஃப்ட்னர் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. மீட்டருக்கு எல்லாம் ஒன்றுதான், அதனால் நன்றாக வேலை செய்தாலும் எண் இறங்காது. கடினத்தன்மை பார்க்கும் சொட்டு கிட் ஒன்று வாங்குங்கள். கடினத் தண்ணீர் முதலில் ஒயின் சிவப்பாக இருக்கும், சொட்டுச் சொட்டாக விட்டால் ஒரு கட்டத்தில் நீலமாக மாறும். அதுவரை எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

உப்பு போட வேண்டிய நாளைக் காலண்டர் சொல்லாது. எத்தனை லிட்டர் ஓடியது, அது எவ்வளவு கடினம் என்பதுதான் கணக்கு. போர் கலந்தால் ஒரு மாதம் வரவேண்டிய ரெசின் (சாஃப்ட்னருக்குள் கால்சியத்தைப் பிடிக்கும் மணிகள்) பத்து நாளிலேயே தீர்ந்துபோகலாம். உப்பு போட்டபின் கரிப்பு போகும்வரை அலசி விடுங்கள்.

போன மாதம் ஒரு கடையில் ஹீட்டரைக் கழற்றினேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது, நகத்தால் தட்டினால் சில்லு சில்லாக விழுந்தது. ஸ்டீம் பாய்லரில் ஆவி மட்டும் வெளியே போகிறது, உப்பெல்லாம் உள்ளேயே தங்குகிறது. கடை மூடும்போது வெந்நீர்க் குழாயைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றுங்கள். ரொம்பவே உதவும்.

மேலே ஆர்.ஓ. சொன்ன நண்பருக்கு: 15 ஆபத்துங்க. சில மெஷின்களில் லெவல் ப்ரோப் தண்ணீர் வழியாக மின்சாரம் பாய்வதை வைத்துத்தான் அளவு பார்க்கிறது. அவ்வளவு சுத்தமான தண்ணீர் அதற்குத் தெரியாது, பாய்லர் நிரம்பிக்கொண்டே போகும். செம்பு, பித்தளையும் அரிக்கும், காபியும் சப்பென்று இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரோடு கொஞ்சம் ஆர்.ஓ.வில் போகாத தண்ணீரைக் கலக்கும் பிளெண்டிங் வால்வு போட்டு டிடிஎஸ்ஸை 150 பக்கம் கொண்டுவாருங்கள். ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் சொன்ன அளவும் அதுதான், 75 முதல் 250 வரை பரவாயில்லை.

அண்ணா, 620க்கு உங்களுக்கும் ஒருநாள் ஆர்.ஓ. தேவைப்படும். அப்போது கார்பன் அதற்கு முன்னால் இருக்கட்டும். மாநகராட்சித் தண்ணீரில் இருக்கும் குளோரின் மெம்பரேனைக் கெடுக்கும்.

கோவை கடைக்காரர்:
கிட் வாங்கிப் பார்த்தேன் தம்பி. சாஃப்ட்னருக்குப் பின் எடுத்த தண்ணீரும் சிவப்பு, பதினோரு சொட்டில்தான் நீலமானது. நேற்று இரவு உப்பு போட்டு அலசினேன். இன்று காலை முதல் சொட்டிலேயே நீலம்! ஏற்கெனவே உள்ளே படிந்ததை இது கரைக்குமா?

பதில் 2:
கரைக்காது அண்ணா. மெஷினைக் கழற்றித்தான் டீஸ்கேல் செய்யணும், அதாவது படிவை நீக்கணும். இனிமேல் வாரம் ஒருமுறை சொட்டு பாருங்கள், போர் ஓடும் வாரத்தில் இரண்டுமுறை.