படச் சோதனையில் அப்பா தோற்றுக்கொண்டே இருக்கிறார்: வழி உண்டா?

கேள்வி:
வணக்கம். என் தந்தைக்கு வயது 71. ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை முடிந்து, மற்றொன்றுக்குக் காத்திருக்கிறார். ஒரு சேவைத் தளத்தில் படிவம் நிரப்பும்போதெல்லாம், 'நான் ரோபோ அல்ல' என்ற கட்டத்தைத் தொட்டதும் படங்கள் வருகின்றன. நேற்று போக்குவரத்து விளக்குகளைக் காட்டச் சொன்னது. ஒரே படம் பதினாறு சதுரங்களாக வெட்டப்பட்டிருந்தது. விளக்கின் விளிம்பு பக்கத்துச் சதுரத்தில் நகக்கண் அளவுக்கு எட்டிப் பார்த்தது. அதையும், விளக்கைத் தாங்கும் கம்பத்தையும் சேர்க்க வேண்டுமா என்று கேட்டார், எனக்கும் தெரியவில்லை. அடுத்து தீயணைப்புக் குழாய். அமெரிக்கத் தெருவோரங்களில் குட்டையாக நிற்கும் அந்தக் குழாயை அவர் வாழ்நாளில் கண்டதில்லை, "இது தபால் பெட்டியா?" என்றார். ஒருவழியாகப் பச்சை டிக் விழுந்தாலும், மீதிப் படிவத்தை நிரப்பி அனுப்பும்போது மறுபடியும் படங்களே வருகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசி, குரோம் உலாவி. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
கம்பத்தை விட்டுவிடுங்கள். நகக்கண் அளவு விளிம்பைத் தொட்டாலும் விட்டாலும், என் அனுபவத்தில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. ஒன்பது தனிப்படங்கள் வரும் வகையில்தான் கவனம் வேண்டும்: தொட்ட படம் மெல்ல மறைந்து, அதே இடத்தில் புதிய படம் வரும், கேட்ட பொருள் அதிலும் இருந்தால் அதையும் தொட வேண்டும். அது முழுதாகத் தெரியும் முன்பே 'சரிபார்' பொத்தானை அழுத்திவிட்டுத்தான் நானும் பலமுறை தோற்றிருக்கிறேன்.

மறுமொழி 2:
டிக் விழுந்த பிறகும் திருப்பி அனுப்புவதற்கு உங்கள் தந்தையின் பார்வை காரணமாக இருக்காது. அது ரீகேப்ட்சாவாக (கூகுளின் 'ரோபோ அல்ல' சோதனை) இருந்தால், அந்த டிக் 2 நிமிடங்களுக்கு மட்டுமே செல்லும். அவர் நிதானமாகத் தட்டச்சு செய்வதற்குள் காலாவதியாகிவிடும். ஆகவே படிவம் முழுவதையும் நிரப்பிய பிறகு, அனுப்புவதற்குச் சற்று முன்பு கட்டத்தைத் தொடச் சொல்லுங்கள். விபிஎன் (வேறொரு சர்வர் வழியாக இணையத்தில் இணைக்கும் செயலி) இருந்தால் நிறுத்திவிடுங்கள். பலர் ஒரே ஐபி முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்) பகிரும் இணைப்புகளில் சந்தேகம் கூடிப் படங்களும் கூடும். குரோமின் மறைநிலைச் சாளரமும் (Incognito) வேண்டாம். ஹெட்ஃபோன் குறியைத் தொட்டால் ஒலிச் சோதனை வரும். ஆனால் எனக்கு வந்ததெல்லாம் இரைச்சலுக்கு நடுவே முணுமுணுக்கும் ஆங்கிலம்தான்.

மறுமொழி 3:
தளத்தின் உதவி மையத்துக்கும் எழுதுங்கள். பயன்படுத்துபவர் மனிதரா ரோபோவா என்று பின்னணியிலேயே மதிப்பெண் கணக்கிட்டு, படமே காட்டாத ரீகேப்ட்சாவின் மூன்றாம் பதிப்பு 2018இலேயே வந்துவிட்டது. 2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகல் நெறிமுறை 2.2, உள்நுழைவில் மாற்று வழி இல்லாமல் அறிவாற்றல் சோதனை (நினைவில் வைத்தல், புதிர் தீர்த்தல் போன்றவை) வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பொருள்களை அடையாளம் காணும் சோதனைக்கு இரண்டாம் நிலையில் (AA) விலக்கு அளித்திருப்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

கேட்டவர்:
நன்றி. முகவரி வரை எல்லாவற்றையும் நிரப்பவைத்து, கட்டத்தைக் கடைசியில் தொடச் சொன்னேன். மோட்டார் சைக்கிள்கள் ஒரே ஒரு சுற்று வந்தன, படிவம் போய்விட்டது. உதவி மையத்துக்கு இன்றிரவு எழுதுகிறேன்.