புதுப்பிப்பு: பனைமரத்துக் கூடு கதண்டுதான்

கொட்டகைக்குப் பின்னால் பனையில் பானை மாதிரி ஒரு கூடு தொங்குகிறது, தேனீயா குளவியா என்று போன வாரம் கேட்டிருந்தேன். கதண்டுதான், அதாவது பெரிய குளவி வகை. பழுப்புக் காகிதம் சுற்றியது போல மேலோடு, பக்கவாட்டில் ஒரு ஓட்டை, கறுத்த உடம்பில் இடுப்பை ஒட்டி மஞ்சள் பட்டை.

பந்தம் கட்டிக் கொளுத்தச் சித்தப்பா கிளம்பிவிட்டார். காய்ந்த ஓலை பற்றினால் கொட்டகையும் போகும் என்று மறித்து, 101-க்குப் போன் செய்தோம். தீயணைப்புக்காரர்கள் பகலில் பார்த்துவிட்டு, "இருட்டட்டும், எல்லாம் உள்ளே அடையட்டும்" என்றார்கள். ராத்திரி முழு உடுப்போடு வந்து முடித்தார்கள். மறுநாள் பத்துப் பன்னிரண்டு மட்டும் மரத்தைச் சுற்றின, அப்புறம் காணோம்.

ஜன்னலோர மண்கூட்டையும் இடிக்கச் சிலர் சொன்னீர்கள். தொடவில்லை. அது கூட்டமாக வாழாத தனிக்குளவி. சிலந்தியைக் கொட்டி மரத்துப்போகச் செய்து, குஞ்சுக்குத் தீனியாக உள்ளே அடைத்து வைக்கும். நம்மை நாடி வராது.

கதண்டிடம் கொட்டு வாங்கிய எதிர்வீட்டு அண்ணனுக்குச் சுண்ணாம்பு தடவியும் முகம் வீங்கி மூச்சு இளைத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. இப்போது நலம். பனைப்பக்கம் மட்டும் இன்னும் வருவதில்லை.