கேடிஎம் இல்லாமல் ஒரு டூ-ஸ்ட்ரோக் 300: பீட்டா எக்ஸ்டிரெய்னர் அனுபவம்

காட்டுப் பாதையில் ஓட்ட டூ-ஸ்ட்ரோக் 300 (சுமார் 300 சிசி எஞ்சின் உள்ள பைக்) வேண்டும் என்று பேச்சு எடுத்தாலே அது கேடிஎம்மில்தான் போய் நிற்கும். நானும் அதை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இத்தாலியக் கம்பெனியான பீட்டாவின் எக்ஸ்டிரெய்னர் 300 எடுத்தேன். மெல்பர்னுக்கு வடகிழக்கே டூலாங்கி, கிழக்கே பன்யிப் பக்கத்துக் காடுகளில் ஓட்டுகிறேன். இதை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக, நான் பார்த்ததையும் வழியில் சந்தித்தவர்கள் சொன்னதையும் எழுதுகிறேன்.

முதலில் உயரம். நான் ஐந்தடி ஐந்து அங்குலம். கேடிஎம் 300 இஎக்ஸ்சியின் சீட் தரையிலிருந்து ஏறக்குறைய 960 மில்லிமீட்டர், எக்ஸ்டிரெய்னரில் 910. ஐந்து சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். மழை பெய்த மறுநாள் டூலாங்கியில் ஒரு ஏற்றம் ஏறிப் பாருங்கள். களிமண் வழுக்கும், அதன் மேல் யூகலிப்டஸ் பட்டை நீள நீளமாக உரிந்து கிடக்கும். பாதி ஏற்றத்தில் முன்சக்கரம் ஒரு வேரில் தட்டி வண்டி நின்றுவிட்டால், அந்த நொடியில் கால் தரையில் ஊன்றுகிறதா என்பதுதான் கேள்வி. ஊன்றினால் கிளட்சை மெல்ல விட்டு அங்கிருந்தே கிளம்பிவிடலாம். ஊன்றவில்லை என்றால் பள்ளத்துப் பக்கம் வண்டியோடு சாய வேண்டியதுதான். அப்புறம் நூறு கிலோவைச் சேற்றில் நின்றுகொண்டு தூக்கி நிறுத்த வேண்டும். என்னைப் போன்ற உயரம் உள்ளவர்களுக்கு இந்த ஒரு விஷயமே போதும்.

எஞ்சின் அளவில் இரண்டும் ஒன்றுதான். போர் (சிலிண்டரின் விட்டம்) 72 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 72, சுமார் 293 சிசி. ஆனால் எக்ஸ்டிரெய்னரைக் கொஞ்சம் சாந்தமாக டியூன் செய்திருக்கிறார்கள். ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்தால் இரண்டாம் கியரிலேயே உருண்டு உருண்டு ஏறுகிறது. பீட்டாவின் பழைய தொழில் தெரிந்தால் இதில் ஆச்சரியம் இல்லை. டிரையல்ஸ் என்று ஒரு போட்டி உண்டு. பாறை மேல் கால் ஊன்றாமல், நடக்கிற வேகத்தில் ஏறிக் காட்ட வேண்டும். ஜோர்டி தாரேஸ் 1987, 1989, 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றது பீட்டாவில்தான். டக்கி லாம்ப்கின் 1997 முதல் 1999 வரை வென்றதும் அதே கம்பெனி வண்டியில்தான். குறைந்த வேகத்தில் இழுக்கிற எஞ்சின் அவர்களுக்குக் கைவந்த கலை.

அதற்காக எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எக்ஸ்டிரெய்னரின் சஸ்பென்ஷன் மெதுவாக ஓட்டுகிறவர்களுக்காகவே அமைத்தது. வேகமாகப் போகிறவர்களும், எண்பத்தைந்து கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்களும் ஸ்பிரிங் மாற்றும் செலவைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பன்யிப்பில் என்னோடு வருகிற நண்பர் ஒருவர் நல்ல உயரம், கையும் வேகம். அவர் எக்ஸ்டிரெய்னரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு நேராகப் போய் பீட்டாவின் பெரிய வண்டியான ஆர்ஆர் 300 எடுத்தார். அவருக்கு அதுதான் சரி.

ஆயில் பற்றி நிறையப் பேருக்குச் சந்தேகம் இருக்கிறது. இதில் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டியதில்லை. தனி டேங்கில் ஊற்றினால் பம்ப் தேவைக்கேற்பக் கலந்துகொள்ளும். பம்ப் நின்றுபோனால் பிஸ்டன் பிடித்துவிடுமே என்ற பயத்தில் அதைக் கழற்றிவிட்டுப் பழைய முறைக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். என் வண்டியில் பம்ப் அப்படியேதான் இருக்கிறது. சின்ன ஊர் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, அளவு பார்க்காமல் நிரப்பிக்கொண்டு போவது எவ்வளவு வசதி என்று போனால்தான் தெரியும். கேடிஎம் 2018 மாடலிலிருந்து ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்குப் போய்விட்டது. எக்ஸ்டிரெய்னரில் கார்புரேட்டர்தான். குளிரில் சோக் இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், ஆனால் அடைத்துக்கொண்டால் காட்டிலேயே கழற்றி ஊதிச் சுத்தம் செய்யலாம்.

இனி முக்கியமான விஷயம், உதிரிபாகம். இந்தப் பாடத்தை எனக்குச் சொன்னவர் டூலாங்கி வண்டி நிறுத்துமிடத்தில் சந்தித்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். பல வருடமாகப் பீட்டா வைத்திருப்பவர். "தம்பி, எஞ்சின் நல்லதோ கூடாதோ எண்டு கேக்காதேங்கோ. நாளைக்கு ஒரு கிளட்ச் பிளேட் வேணுமெண்டா ஆர் தருவினம் எண்டு கேளுங்கோ" என்றார். வாங்குவதற்கு முன் கடைக்குப் போன் செய்து ஐந்தாறு பொருள்களின் பெயரைச் சொல்லி, கையில் இருக்கிறதா, விலை என்ன என்று கேட்கச் சொன்னார். கிளட்ச் பிளேட், டாப்-எண்ட் கேஸ்கெட், வாட்டர் பம்ப் சீல், கியர் லீவர், ரேடியேட்டர், ஸ்டேட்டர். நான் அப்படியே கேட்டேன். ஒரு கடையில் "வண்டி இருக்கிறது, சாமான் வரவழைக்க வேண்டும்" என்றார்கள், இன்னொன்றில் பெரும்பாலானவை கையிருப்பில் இருந்தன. இரண்டாவது கடை வீட்டுக்குத் தூரம். ஆனாலும் வண்டியை அங்கேதான் வாங்கினேன்.

பிரேக் பேட், செயின், டயர், பிளக், கார்புரேட்டருக்கான கெய்ஹின் ஜெட் இதெல்லாம் எங்கும் கிடைக்கும், கவலைப்பட வேண்டாம். அந்தக் கம்பெனி மட்டுமே தருகிற பொருள்களைத்தான் பார்க்க வேண்டும். இத்தாலியில் ஆகஸ்ட் மாதம் தொழிற்சாலைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், ஆகவே கேஸ்கெட் செட் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுவேன்.

பெரிய கம்பெனி என்றால் இந்தக் கவலையே இல்லை என்பதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2024 நவம்பரில் கேடிஎம்மே நொடித்துப்போய் நீதிமன்றத்துக்குப் போனது, அடுத்த ஆண்டு பஜாஜ் வந்து கைகொடுத்தது. ஸ்பெயினின் பைக் கம்பெனியான கேஸ்கேஸ் 2015-இல் கடனில் மூழ்கிப் பல கை மாறியது. அதன் பழைய 300 வண்டியின் வடிவமைப்பை ரீஜு என்ற இன்னொரு ஸ்பெயின் கம்பெனி வாங்கி எம்ஆர் 300 என்று விற்கிறது, அதனால் பழைய கேஸ்கேஸ்காரர்களுக்கும் வழி பிறந்தது.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள், போனவுடன் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து உங்கள் முன்னாலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சீட்டைக் கழற்றி ஏர் ஃபில்டருக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவுங்கள். மண் ஒட்டினால் பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு விலை பேசலாம்.

பிரெஞ்சுக் கம்பெனியான ஷெர்கோவின் 300 பற்றியும் கேட்கிறார்கள். டக்கார் ராலியில் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து ஓடியதால் நம் ஆட்களுக்கு அந்தப் பெயர் பழக்கம். ஆனால் அங்கே ஓடுவது ஃபோர்-ஸ்ட்ரோக் 450. அவர்களுடைய டூ-ஸ்ட்ரோக்கை நான் ஓட்டியதில்லை. வைத்திருப்பவர்கள் உதிரிபாகம் எப்படிக் கிடைக்கிறது என்று எழுதினால், அடுத்து வாங்கப்போகிற என் மைத்துனருக்கு உதவியாக இருக்கும்.