வார்ம் அப்: ‘முன்பயிற்சி’ சரிவரவில்லை, ‘பதமாக்கல்’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

‘வார்ம் அப்’ (பயிற்சிக்கு முன் உடம்பைத் தயார்செய்வது), ‘புஷ் அப்’ போன்றவற்றைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று இந்த இழையில் இதுவரை வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். வீட்டிலேயே தண்டால் எடுத்து உடம்பில் வலு ஏற்ற நினைக்கிறவர்களுக்காக ஒரு கைநூல் எழுதி வருகிறேன். அது ‘வார்ம் அப்’ என்ற இந்த ஒரு சொல்லில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரைவில் ‘முன்பயிற்சி’ என்றுதான் போட்டிருந்தேன். ‘முன்பயிற்சி இல்லாமல் தண்டால் எடுக்கக் கூடாது’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. சித்தியிடம் படிக்கக் கொடுத்தேன். அந்த வரி வந்ததும் தாளை மடித்து வைத்துவிட்டார். “நான்தான் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே பழகினதில்லையே, அப்புறம் எனக்கு எப்படிப்பா சரிவரும்?” என்றார். அவர் படித்ததில் பிழையே இல்லை. ‘முன்பயிற்சி தேவையில்லை, யாரும் சேரலாம்’ என்று எழுதும்போது நாம் எல்லாருமே அந்தப் பொருளில்தான் எழுதுகிறோம். யாருக்காக எழுதினேனோ அவரையே அந்தச் சொல் வாசலில் நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து எந்தச் சொல் வந்தாலும் ஒரு ஏவல் வாக்கியத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஏற்கிறேன்.

> உடற்சூடேற்றம் என்றால் எல்லாருக்கும் புரியும். நடப்பதும் அதுதானே?

ஐயா, நடப்பது அதுதான், மறுக்கவில்லை. தசை வேலை செய்யத் தொடங்கியதும் அதன் சூடு ஏறுகிறது. சூடு ஏறினால் இரத்தம் தன்னிடமுள்ள ஆக்சிஜனைத் தசைக்கு எளிதாக விட்டுக்கொடுக்கிறது, நரம்புச் செய்தி வேகமாக ஓடுகிறது, தசைக்குள் இருக்கும் பிசுப்பு குறைகிறது. 1945இலேயே டென்மார்க்கைச் சேர்ந்த அஸ்முசென், போயே என்ற இருவர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வெளியிலிருந்து சூடேற்றினாலும்கூட உடம்பின் வேலைத்திறன் கூடியதை அவர்கள் கண்டார்கள்.

ஆனால் தமிழில் ‘உடம்பு சூடு’ என்பது நோயின் பெயர். கண் எரிந்தால் சூடு, நீர்க்கடுப்பு வந்தால் சூடு, வாய்ப்புண் வந்தால் சூடு. தணிக்க வேண்டியது என்று காலங்காலமாகச் சொல்லிவந்ததை ‘ஏற்றிக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால் படிக்கிறவர் தயங்கத்தான் செய்வார். இன்னொன்று, சூடு மட்டும் போதுமென்றால் வெந்நீரில் குளித்துவிட்டு வந்து நேரே தண்டாலில் இறங்கலாமே! தண்டாலில் மணிக்கட்டு கிட்டத்தட்ட செங்கோணத்துக்குப் பின்னால் வளைந்து பாரம் தாங்குகிறது. தோள்பட்டை எலும்பு விலா மேல் வழுக்கி முன்னும் பின்னும் போய்வர வேண்டும். இவற்றுக்கு அந்த அசைவையே லேசாகச் செய்து பழக்கிவிட்டால்தான் ஆகும். வெந்நீர் அதைச் செய்யாது.

‘வெதுப்பல்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். ‘வெதுப்பகம்’ (பேக்கரி) என்று ரொட்டிக்குப் போய்விட்ட பிறகு அதை இங்கே இழுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

> இளக்கல், உடலிளக்கம். சூடும் வருகிறது, தளர்வும் வருகிறது.

இந்தச் சொல்லை விட எனக்கு மனமே வரவில்லை. சூடு பட்டு மெழுகு இளகுகிற காட்சி அதில் இருக்கிறது. இரண்டு நாள் அதையே வைத்து எழுதியும் பார்த்தேன். ‘முதலில் உடம்பை இளக்குங்கள்’ என்றதும் படித்த மூன்று பேருமே கையைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதாவது ஸ்ட்ரெச்சிங். நான் தவிர்க்கச் சொல்ல நினைத்ததே அதைத்தான். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால், அதையடுத்து உடனே செய்கிற வேலையில் அதன் வலு சற்றுக் குறைகிறது. சில நொடி இழுத்துவிடுவதால் பெரிய கேடு இல்லை. ஆனாலும் அதையே வார்ம் அப் என்று நம்பி நின்றுவிடுவதுதான் சிக்கல். ஆகவே ‘இழுத்து நீட்டல்’ தனிச் சொல்லாக இருக்கட்டும், இதற்கு வேறு சொல் வேண்டும்.

இப்படித்தான் ‘பதம்’ என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தேன்.

மண் பதமாக இருந்தால்தான் வனைய முடியும். இரும்பு பதத்துக்கு வந்தால்தான் அடித்து வளைக்க முடியும். பதம் என்றாலே வேலைக்கு ஏற்ற நிலை. ஒன்றுக்குச் சூட்டால் வரும், ஒன்றுக்கு ஈரத்தால் வரும், ஒன்றுக்குப் பிசைவதால் வரும். எதனால் வந்தாலும் சொல் ஒன்றுதான். உடம்புக்கும் சூடு, இரத்த ஓட்டம், மூட்டசைவு, நரம்பின் விழிப்பு எல்லாம் சேர்ந்துதான் அந்த நிலை வருகிறது. அப்புறம் எனக்கு மிகவும் பிடித்தது இது: பதத்தை யாரும் கடிகாரம் பார்த்துச் சொல்வதில்லை, தொட்டுப் பார்த்துச் சொல்கிறார்கள். வார்ம் அப்பும் அப்படியே. ஐந்து முதல் பத்து நிமிடம் என்று எழுதலாம்தான். ஆனால் மூச்சு கொஞ்சம் ஆழமாகி, நெற்றியில் லேசாக வேர்வை அரும்பி, அதே நேரம் திணறாமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் பதம் வந்துவிட்டது. குளிர்ந்த காலையில் கூடுதல் நேரம் ஆகும், வெயில் நாளில் சீக்கிரம் வரும்.

இலக்கணமும் ஒத்துழைக்கிறது. தோளைப் பதமாக்கு என்று ஏவலாம். ‘மணிக்கட்டு இன்னும் பதமாகவில்லை’ என்று நிலையைச் சொல்லலாம். பதமாகு, பதமாக்கு என்று தன்வினையும் பிறவினையும் நமக்கு இயல்பாகவே கிடைத்துவிடுகின்றன. ‘முன்பயிற்சி’யை வைத்துக்கொண்டு இதைச் சொல்லிப் பாருங்கள், வராது.

> பதப்படுத்தல் என்றால் தோல் பதப்படுத்துவது நினைவுக்கு வருகிறதே.

அக்கா, நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் ‘பதப்படுத்து’ வேண்டாம், ‘பதமாக்கு’ மட்டும் போதும் என்கிறேன். ‘கத்தி கையைப் பதம் பார்த்தது’ என்ற வழக்கும் எதிரே நிற்கும் என்று தெரியும். ஆனால் அங்கே வேலை செய்வது ‘பார்’ என்ற வினை. அந்தச் சேர்க்கையை மட்டும் தவிர்த்துவிடலாம்.

அடுத்து புஷ் அப்.

> தரைத்தள்ளல், மேல்தள்ளல், ஊன்றெழல்... எதை எடுக்கலாம்?

மூன்றும் வேண்டாமே. தண்டால் இருக்கிறது. பிறப்பில் வடக்கத்திச் சொல்தான், இருக்கட்டும். ‘தண்டால் எடு’ என்று வினையோடு சேர்ந்து நாவில் ஊறிவிட்ட ஒன்றை எடுத்துவிட்டு ‘ஊன்றெழல்’ செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். இடுப்பை உயர்த்தி நின்று, மார்பை வளைவாக முன்னே இறக்கி, தலையைத் தூக்கி எழுவதுதான் பழைய தண்டால் என்று ஒரு நண்பர் சுட்டியிருந்தார். நியாயமான சுட்டல். அதை ‘வளைவுத் தண்டால்’ என்றும், உடம்பை ஒரே கோடாக வைத்து எடுப்பதை வெறும் ‘தண்டால்’ என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

அடைமொழி சேர்த்தால் மற்றவையும் தானாக வந்துவிடும்: சுவர்த் தண்டால், மேசைத் தண்டால், முழங்கால் தண்டால். வலு ஏற்றுவதே இந்த அடைமொழிகளில்தான் இருக்கிறது. தரைத் தண்டாலில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன, முழங்காலை ஊன்றினால் ஏறத்தாழப் பாதி. கை ஊன்றும் இடம் உயர உயரப் பாரம் இன்னும் குறையும். ஆகவே சுவரில் 12 எளிதாக வந்துவிட்டால் மேசைக்கு இறங்க வேண்டும், மேசையில் வந்துவிட்டால் அதைவிடத் தாழ்ந்த இடத்துக்கு. எண்ணிக்கையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் தாக்குப்பிடிக்கும் திறன் கூடும், வலு அந்த அளவுக்குக் கூடாது.

இந்தச் சொற்களை வைத்து நான்காம் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன்:

“முதலில் உடம்பைப் பதமாக்கிக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே மூன்று நிமிடம் நடைபோடுங்கள். தோளைப் பெரிய வட்டமாகச் சுழற்றுங்கள். மண்டியிட்டு, உள்ளங்கையைத் தரையில் பதித்து, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள்; மணிக்கட்டு பதமாகும். பிறகு சுவர்த் தண்டால் எட்டு. வலி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இப்போது தரைக்கு வரலாம். முழங்கையை அகல விரிக்காமல் விலாவுக்குச் சற்று நெருக்கி வைத்து, மூன்று எண்ணும் நேரத்தில் இறங்கி, ஒரே மூச்சில் எழுங்கள்.”

சித்தி இதைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய்ச் சுவரில் கை வைத்தார்.

இன்னும் ஒன்று பாக்கி. பயிற்சி முடிந்தபின் மெல்ல அடங்குவதற்கு ‘ஆற்றல்’ என்று எழுதினால் சக்தி என்று படித்துவிடுகிறார்கள். ‘தணித்தல்’ என்று வைத்திருக்கிறேன், முழு மனதோடு இல்லை. பதமாக்கலுக்கு இணையாக நிற்கும் சொல் யாரிடமாவது இருந்தால் ஒரு ஏவல் வாக்கியத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்.